38 வயதில் நர்சிங் உதவியாளர் பயிற்சியில் சேருகிறேன், அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

தாமரைக்குளம்

வணக்கம். வரும் திங்கட்கிழமை நர்சிங் உதவியாளர் பயிற்சியில் சேருகிறேன். கட்டணம் கட்டியாயிற்று, சீருடைக்கு அளவும் கொடுத்தாயிற்று. ஆனால் மூன்று இரவாகத் தூக்கம் பிடிக்கவில்லை.

பள்ளிப் படிப்போடு நின்றவள் நான். என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இரண்டு வருடம் குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றி நான்தான் பார்த்துக்கொண்டேன். அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. "உனக்குப் பொறுமை இருக்கிறது, இதையே தொழிலாக எடு" என்று உறவினர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். நான் சேர்ந்ததற்குக் காரணம் வேறு. கடைசி மாதங்களில் அவருக்கு முதுகுக்குக் கீழே படுக்கைப்புண் வந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பே அந்த இடம் சிவந்திருந்ததைப் பார்த்தேன். வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டுவிட்டேன். பிறகு பார்த்தபோது தோல் உரிந்திருந்தது. அந்தப் பவுடர் டப்பாவை இன்னும் தூக்கிப் போட மனம் வரவில்லை.

இருபது வருடம் கழித்துப் புத்தகத்தைத் தொடப்போகிறேன், மண்டையில் ஏறுமா? முன்பின் தெரியாதவர்களை, அதுவும் ஆண்களை, எப்படிக் குளிப்பாட்டுவது? என் கண்முன்னே ஒருவர் இறந்துபோனால் என்ன செய்வேன்? இந்தத் துறையில் இருப்பவர்கள் மனம் திறந்து சொன்னால் நன்றியோடு இருப்பேன்.

இரவுப்பணி

அன்புத் தங்கைக்கு, 16 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் அதற்குத்தான் பயப்படுகிறார்கள்.

கூச்சம் உங்களுக்கு இருப்பதைப்போல் பத்து மடங்கு அவருக்கு இருக்கும். அதைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது. கதவைச் சாத்துங்கள், திரையை இழுத்துவிடுங்கள். உடம்பு முழுவதையும் பெரிய துண்டால் மூடிவிட்டு, துடைக்கிற பாகத்தை மட்டும் விலக்குங்கள். துடைத்து ஈரம் ஒற்றியதும் மூடிவிட்டு அடுத்த பாகத்துக்குப் போங்கள். தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள்: "ஐயா, இப்போது இடது கையைத் தூக்குகிறேன்." தண்ணீரின் சூட்டை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் பாருங்கள், பிறகு அவரையும் விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முகத்தில் தொடங்க வேண்டும். கண்ணுக்குச் சோப்பு கூடாது. மூக்கை ஒட்டிய ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு, அடுத்த கண்ணுக்குத் துணியின் வேறொரு மூலை.

அவர் கை எட்டுகிற இடத்தை அவரே துடைத்துக்கொள்ளட்டும். துணியை நனைத்துப் பிழிந்து அவர் கையில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். நீங்கள் இரண்டு நிமிடத்தில் முடிப்பதை அவர் ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டு செய்வார். அந்த ஆறு நிமிடத்தைக் கொடுங்கள். என் வார்டில் ஒரு பெரியவர் இரண்டு வாரம் யாரையும் கிட்டவே விடவில்லை. பிழிந்த துணியை நான் கையில் கொடுத்த அன்றைக்கு முகத்தைத் தானே துடைத்துக்கொண்டு, "முதுகு எட்டவில்லை, நீ துடைத்துவிடு அம்மா" என்றார்.

கரும்பலகை

இந்தப் பாடத்தைப் பல வருடம் கற்பித்தவள் என்ற முறையில் முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

பயிற்சியின் நீளம் நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தது 75 மணி நேரம் என்று வைத்தது, அதில் 16 மணி நேரமாவது மேற்பார்வையில் செய்முறை இருக்க வேண்டும். வேறு இடங்களில் பல மாதங்கள் நீள்வதும் உண்டு. நீளம் எதுவானாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான்: கை சுத்தம், தொற்றுத் தடுப்பு, உடல் தூய்மை, உணவூட்டல், நோயாளியை நகர்த்துவது, உயிர்க்குறிகளை (நாடி, சுவாசம், உடல் வெப்பம், ரத்த அழுத்தம்) அளப்பது, பார்த்ததை எழுதுவது.

மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100, சுவாசம் 12 முதல் 20, உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டி, ரத்த அழுத்தம் 120/80க்குள். ஒரு வாரத்தில் இவை வாயில் வந்துவிடும். எண்ணுகிற விதம்தான் கஷ்டம். நாடியைக் கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அந்த விரலில் ஓடும் உங்கள் சொந்தத் துடிப்பே குழப்பிவிடும். சுவாசத்தை எண்ணப்போகிறேன் என்று சொல்லவே கூடாது, சொன்னால் அவர் மூச்சு மாறிவிடும். நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, பார்வையை மட்டும் மார்புக்கு மாற்றி ஒரு நிமிடம் எண்ண வேண்டும்.

ரத்த அழுத்தத்துக்குக் கைப்பட்டை பொருந்த வேண்டும். சிறிய பட்டையைப் பருத்த கையில் சுற்றினால் இல்லாத உயர் அழுத்தத்தைக் காட்டும். கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்டெதஸ்கோப்பில் 'டொக், டொக்' என்று கேட்கத் தொடங்கும் இடம் மேல் எண், ஒலி மறையும் இடம் கீழ் எண். ரஷ்ய மருத்துவர் நிக்கொலாய் கொரோட்கோவ் 1905இல் விவரித்த முறை இது. முதல் நாள் ஒன்றுமே கேட்காது. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் "எனக்குக் காது மந்தம் போலிருக்கிறது" என்று கண்ணைக் கசக்குவார்கள். மூன்றாம் நாள் கேட்கும்.

கை கழுவுவதைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல அனுமதியுங்கள். 1847இல் வியன்னா மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை முடித்துப் பிரசவ வார்டுக்கு வருகிறவர்கள் குளோரின் கலந்த கரைசலில் கை கழுவ வேண்டும் என்று கட்டாயமாக்கினார். பிரசவக் காய்ச்சலில் தாய்மார்கள் இறப்பது மளமளவென்று குறைந்தது. அவர் சொன்னதை அன்றைய மருத்துவ உலகில் பலர் ஏற்க மறுத்தார்கள். சோப்பும் தண்ணீருமாக 40 முதல் 60 விநாடி, ஆல்கஹால் கரைசலாக இருந்தால் 20 முதல் 30 விநாடி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு தடவை நிதானமாக எண்ணிக்கொண்டே கழுவிப் பாருங்கள். இத்தனை நாள் கழுவியது கழுவலே இல்லை என்று தெரியும். கட்டைவிரலும் நகக்கண்ணும்தான் எப்போதும் விட்டுப்போகிற இடங்கள்.

பழைய ஷிப்டு

எல்லாரும் நல்லதையே சொல்கிறீர்கள். ஆறு வருடம் இந்த வேலை பார்த்து, முதுகுத் தண்டுவட்டு விலகி வெளியே வந்தவன் நான். சகோதரியைத் தடுக்க எழுதவில்லை. தெரிந்துகொண்டு போகட்டும்.

ஒரு நாள் அதிகாலையில் ஒருவரைக் கழிப்பறைக்கு நடத்திக்கொண்டு போனேன். பாதி வழியில் அவர் முழங்கால் மடங்கியது. அக்குளில் கையைக் கொடுத்து அப்படியே தூக்கி நிறுத்தப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் இடுப்பில் 'நறுக்' என்று ஒரு சத்தம். அன்றிலிருந்து தண்ணீர்க் குடம் தூக்க முடியாது. அந்த வார்டில் அப்போது நான் ஒருவன்தான் இருந்தேன். யாரும் என்னைத் தனியாக விட்டதற்குப் பொறுப்பு ஏற்கவில்லை.

'சேவை' என்ற சொல்லைக் காட்டியே எங்களைக் குறைந்த சம்பளத்தில் வேலை வாங்குகிறார்கள். சேவை மனம் இருக்கட்டும். ஆனால் வேலையில் சேரும்முன் கேளுங்கள்: இரவில் ஒரு உதவியாளருக்கு எத்தனை நோயாளிகள்? தூக்குவதற்குக் கருவி இருக்கிறதா? பயிற்சி நிறுவனத்திடமும் கேளுங்கள்: சான்றிதழ் அங்கீகாரம் பெற்றதா? வார்டில் நேரடியாக எத்தனை மணி நேரம் நிற்க விடுவீர்கள்? பொம்மையை வைத்தே பாடத்தை முடிக்கிற இடமாக இருந்தால் கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, வேறு இடம் பாருங்கள்.

கரும்பலகை

பழைய ஷிப்டு சொன்னது முழுக்க உண்மை. அவர் சொன்ன அந்த அதிகாலைச் சம்பவத்தைத்தான் நான் வகுப்பில் இரண்டு மணி நேரம் எடுத்துச் சொல்லிக்கொடுப்பேன். விழத் தொடங்கியவரைத் தூக்கி நிறுத்தக் கூடாது. பின்னால் நின்று, கால்களை அகட்டி, அவரை உங்கள் உடம்போடு சேர்த்துக்கொண்டு, ஒரு காலை முன்னே நீட்டி அதன்மேல் சறுக்கவிட்டு மெதுவாகத் தரையில் உட்கார வைக்க வேண்டும். தலை மட்டும் அடிபடக் கூடாது. பிறகு தனியாகத் தூக்க முயலாமல் ஆளைக் கூப்பிட வேண்டும். வெறும் சொல்லாகப் படித்தால் உடம்புக்கு வராது. சக மாணவியை வைத்துக்கொண்டு இருபது தடவை செய்தால்தான் அந்த ஒரு நொடியில் கால் தானாக முன்னே போகும்.

இன்னொன்றும் உண்டு. வேலை தொடங்கும்முன் கட்டிலை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். முடித்ததும் மறுபடி இறக்குங்கள்.

பழைய ஷிப்டு

எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் யாரும் இல்லை, டீச்சர். நான் படித்த இடத்தில் ஒரு படத்தைக் காட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள். வகுப்பில் எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிறோம், வார்டில் ஒருவர்தான் இருக்கிறோம் என்பதையும் உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

கரும்பலகை

இந்த வாரமே சொல்கிறேன்.

நீலச்சட்டை

அக்கா, எனக்கு 22 வயது, பயிற்சியில் மூன்றாவது மாதம். வகுப்பில் ஆண் நான் ஒருவன்தான். பெண் நோயாளிகள் சிலர் "நீ வேண்டாம் தம்பி" என்பார்கள். முதலில் வருத்தமாக இருந்தது. இப்போது நானே முந்திக்கொண்டு, "பெண் உதவியாளரைக் கூப்பிடட்டுமா அம்மா?" என்று கேட்டுவிடுகிறேன். கேட்டதும் பாதிப் பேர் "பரவாயில்லை, நீயே செய்" என்கிறார்கள். மற்றவர்களுக்குப் பெண் உதவியாளரைக் கூப்பிடுகிறேன். உங்களுக்கும் ஆண்களிடம் இதே வழி சரிப்படும்.

முதல் வாரம் மலம் சுத்தம் செய்தபோது குமட்டியது. இரண்டாவது வாரம் குறைந்தது. இப்போது, இளகலா, இறுகலா, நிறம் எப்படி, ரத்தம் இருக்கிறதா என்றுதான் மனம் போகிறது.

மருந்து வண்டி

நான் செவிலியர். உதவியாளர்கள் இல்லாமல் என் ஒரு ஷிப்டுகூட ஓடாது. நாள் முழுவதும் நோயாளியின் தோலைத் தொட்டுப் பார்ப்பவர்கள் அவர்கள்தான். எனக்கு ஒரு கட்டிலுக்குச் சில நிமிடம் கிடைத்தாலே பெரிது. அதனால் நான் எதிர்பார்ப்பதைச் சொல்கிறேன்.

"அந்த அம்மா இன்று சரியாக இல்லை" என்று என்னிடம் வந்து சொன்னால் என்னால் எதுவும் செய்ய முடியாது. "காலையில் கஞ்சி கால் டம்ளர்தான் குடித்தார், நேற்று முழு டம்ளர் குடித்தார். 6 மணியிலிருந்து சிறுநீர் 80 மில்லிதான். கூப்பிட்டால் கண் திறக்கிறார், ஆனால் என் பெயரைச் சொல்லவில்லை, நேற்றுச் சொன்னார்" என்று சொன்னால் அடுத்த நிமிடமே ஓடிவருவேன். கண்டதை எண்ணாக, நேரத்தோடு சொல்லப் பழகுங்கள். நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். "நெஞ்சு அடைக்கிறது" என்றால் அதையே எழுத வேண்டும், 'மாரடைப்பு' என்று நீங்களாக எழுதக் கூடாது. அதை எழுதி வைத்துவிட்டு நிற்கவும் கூடாது, உடனே ஆளைக் கூப்பிட வேண்டும்.

உறவினர் வந்து "இந்த மாத்திரையை மட்டும் கொடுத்துவிடுங்கள்" என்பார். உங்களுக்கு அனுமதி இல்லாத வேலையை எவ்வளவு கெஞ்சினாலும் செய்யாதீர்கள். வார்டில் நுழையும்முன் ஹெபடைடிஸ் பி (ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் தொற்று) தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாக மூன்று ஊசி, ஆறு மாதம் ஆகும், இன்றே தொடங்குங்கள். நகத்தை வெட்டுங்கள், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள்.

படுக்கைப்புண் பற்றி. தாமரைக்குளம், உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். உடம்பின் பாரம் எலும்பு துருத்தும் இடங்களில் தோலை அழுத்துகிறது, ரத்த ஓட்டம் நிற்கிறது, திசு சாகிறது. வால் எலும்புப் பக்கம், குதிகால், இடுப்பு, முழங்கை, பின்மண்டை எல்லாம் ஆபத்தான இடங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு சிவந்தால் ரத்தம் ஓடுகிறது என்று பொருள். வெளுக்காமல் அப்படியே இருந்தால் அதுதான் முதல் கட்டம். கருத்த தோலில் சிவப்பே தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ குளிர்ச்சியாகவோ, கல்போலவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். இதெல்லாம் கற்றுக்கொடுக்கப்பட வேண்டிய அறிவு. உங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. உங்கள் மாமியாரைக் கைவிட்டுவிட்டதாக நினைக்காதீர்கள்.

இரவுப்பணி

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. இரவு டியூட்டியில் நான் நிறையப் பார்த்துவிட்டேன், அதனால் நானே சொல்கிறேன்.

ஒருவர் இறந்த பிறகும் நம் வேலை பாக்கி இருக்கிறது. உறவினர் பார்க்கும்முன் முகத்தைத் துடைக்கிறோம், பல்செட் இருந்தால் அங்கே உள்ள முறைப்படி பொருத்துகிறோம், தலை வாருகிறோம், தலைக்குக் கீழே ஒரு தலையணை வைக்கிறோம். நான் அப்போதும் சொல்லிவிட்டுத்தான் தொடுவேன். "ஐயா, முகம் துடைக்கிறேன்." சின்னப் பெண் ஒருத்தி என்னோடு பயிற்சிக்கு வந்தாள், முதல் மரணத்தில் கை நடுங்கிக்கொண்டிருந்தாள். நான் பேசுவதைக் கேட்டு அவளும் பேசத் தொடங்கினாள். நடுக்கம் நின்றது. வேலை முடிந்ததும் இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதோம். அழுகை வந்தால் அழுங்கள், தங்கையே. யாரிடமாவது பேசாமல் மட்டும் வீட்டுக்குப் போகாதீர்கள்.

மகளாக ஒருத்தி

நான் இந்தத் துறையில் இல்லை. என் அப்பாவுக்கு மறதிநோய். ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். சட்டைப் பையைத் தட்டித் தட்டிப் பார்த்து, காணோம் காணோம் என்று மாலை முழுவதும் தவிப்பார். எதைக் காணோம் என்று அவருக்கே சொல்லத் தெரியாது. நாங்கள் எல்லாரும் "ஒன்றும் தொலையவில்லை அப்பா" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அவர் கோபத்தைத்தான் கிளப்பினோம்.

அங்கே வேலைக்கு வந்த ஒரு உதவியாளர், அப்பா கணக்காளராக இருந்தவர் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். மறுநாள் காலை சட்டை மாட்டும்போது பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வைத்தார். அன்று மாலை அப்பா பையைத் தட்டினார், பேனா கையில் பட்டது, உட்கார்ந்துவிட்டார். கடைசி நாள் வரை தினமும் அந்த நோட்டும் பேனாவும் பையில் இருந்தன. அந்தப் பெண்ணின் மாதச் சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். பழைய ஷிப்டு சொல்வதை நான் மனமார ஆமோதிக்கிறேன். தாமரைக்குளம், நீங்கள் போக வேண்டும் என்றும் மனமார ஆசைப்படுகிறேன்.

தாமரைக்குளம்

எல்லாருக்கும் நன்றி. முதல் வாரம் முடிந்தது. கைப்பட்டையைச் சுற்றிவிட்டு ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன், கரும்பலகை அம்மா சொன்னதுபோலவே ஒன்றும் கேட்கவில்லை. வியாழக்கிழமை கேட்டது. கேட்ட சந்தோஷத்தில் எண்ணைப் பார்க்க மறந்துவிட்டேன்.

வகுப்பில் ஒருவருக்கொருவர் ஊட்டச் சொன்னார்கள். என்னோடு படிக்கிறவள் நின்றுகொண்டே வேகமாக ஊட்டினாள். விழுங்கும்முன் அடுத்த கரண்டி வந்துவிட்டது, எனக்கு மூச்சே முட்டியது. என் மாமியாருக்கு அவசரத்தில் நானும் நின்றுகொண்டுதான் ஊட்டியிருக்கிறேன். இனி நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், எதிரே நானும் உட்கார்ந்திருப்பேன், கரண்டியில் பாதிதான் எடுப்பேன்.

ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னார், சொல்லியே ஆக வேண்டும். தமிழில் 'கவனிப்பது' என்றால் உற்றுப் பார்ப்பதும் அதுதான், பராமரிப்பதும் அதுதான், இரண்டையும் பிரிக்காதீர்கள் என்றார். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

தாமரைக்குளம்

ஆறாவது வாரம். நேற்று முதன்முதலாக வார்டு.

எனக்குக் கொடுத்த நோயாளி ஒரு பாட்டி. பக்கவாதம், வலது பக்கம். கட்டிலைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது. என்னோடு வந்த செவிலியர் ஒன்றும் கேட்கவில்லை, கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, "பாட்டி, என் பெயர் இன்னது, உங்களுக்கு உடம்பு துடைத்துவிட வந்திருக்கிறேன்" என்று தொடங்கினேன். முகம் துடைக்கத் துணியை இடது கையில் கொடுத்தேன். மெதுவாகத் துடைத்துக்கொண்டார், காதுக்குப் பின்னாலும்கூட. சட்டை மாற்றும்போது கழற்றுவதை நல்ல கையில் தொடங்கினேன், மாட்டுவதை விழுந்த கையில் தொடங்கினேன். இதைத் தலைகீழாகச் செய்து இரண்டு வருடம் என் மாமியாரின் தோளை வலிக்க வைத்திருக்கிறேன் என்று அப்போது புரிந்தது.

சாப்பிட்ட பிறகு வாயைத் திறக்கச் சொன்னேன். வலது கன்னத்துக்குள் ஒரு உருண்டை சோறு அப்படியே இருந்தது. அவருக்கு அது அங்கே இருப்பதே தெரியவில்லை. செவிலியரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, அவர் சொன்னபடி எடுத்தேன்.

கடைசியாகப் போர்வையை இழுத்துவிடும்முன் குதிகாலைப் பார்த்தேன். வலது குதிகாலில் ஒரு ரூபாய் அளவுக்கு நிறம் மாறியிருந்தது. விரலால் அழுத்தினேன். எடுத்தேன். வெளுக்கவில்லை. மறுபடி பார்த்தேன், வெளுக்கவில்லை. சுற்றிலும் இருந்ததைவிடச் சூடாக இருந்தது. செவிலியரிடம் போய், "வலது குதிகால், ஒரு ரூபாய் அளவு, அழுத்தினால் வெளுக்கவில்லை, சூடாக இருக்கிறது, மணி 10.40" என்றேன். குரல் கொஞ்சம் கம்மிப்போனது. அவர் வந்து பார்த்தார், குறிப்பேட்டில் எழுதினார். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யச் சொல்லிக்கொடுத்தார். "தோல் இன்னும் உரியவில்லை, நல்ல நேரத்தில் பார்த்தாய்" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பவுடர் டப்பாவை எடுத்தேன். குப்பையில் போட்டுவிட்டேன்.

மருந்து வண்டி

10.40 என்று நேரம் சொன்னீர்களே, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் வார்டுக்கு வாருங்கள்.

பழைய ஷிப்டு

மகிழ்ச்சி, சகோதரி. ஒன்று மட்டும் கேட்கிறேன். துடைக்கத் தொடங்கும்முன் கட்டிலை உயர்த்தினீர்களா?

தாமரைக்குளம்

உயர்த்தினேன், அண்ணா. சக்கரங்களையும் பூட்டினேன். முடித்ததும் இறக்கிவிட்டு, அழைப்பு மணியைப் பாட்டியின் இடது கைப் பக்கம் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.